நோய் வராதவரையும் எண்ணத் தெரிய வேண்டும்

பொதுச் சுகாதாரத் துறைக்கு வர மருத்துவப் பட்டம் கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு நான் ஹென்றி ஒயிட்ஹெட்டைப் பற்றிச் சொல்வேன். 1854-இல் லண்டனின் பிராட் தெருப் பகுதியில் காலராவால் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த தெருக்குழாய்தான் காரணம் என்று சொன்னவர் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். அவர் பெயர் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. ஒயிட்ஹெட் அந்த வட்டாரத்தின் உதவிப் பாதிரியார். ஸ்னோ சொன்னதை முதலில் நம்பாமல், அது தவறு என்று காட்டத்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். விசாரிக்க விசாரிக்க அவர் மனமே மாறிவிட்டது. குழாயை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தை நோயுற்றதையும், அதன் துணி அலசிய நீர் அந்தக் குழாய்க்கு நீர் தந்த கிணற்றருகே இருந்த கழிவுக்குழிக்குப் போனதையும் கண்டறிந்தவர் அவர்தான். தெரிந்த முகம் என்பதால் மக்கள் அவரிடம் பேசினார்கள்.

அதே தெருவின் மதுபான ஆலைத் தொழிலாளிகளுக்குக் காலரா வரவில்லை. அவர்கள் குடித்தது பீர். அந்தக் குழாய்த் தண்ணீர் பக்கமே போகவில்லை. நோய் வராதவர்களிடமும் துப்பு கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு விருந்துக்குப் பிறகு 40 பேருக்கு வாந்தி, அவர்களில் 36 பேர் இனிப்பு சாப்பிட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே இனிப்புதான் காரணம் என்று அறிக்கை எழுதத் தோன்றும். சரி, நலமாக இருக்கும் 60 பேரில் 54 பேரும் அதே இனிப்பைச் சாப்பிட்டிருந்தால்? இரண்டு பக்கமும் 90 சதவீதம்தான். இனிப்பின் மேல் பழிபோட ஆதாரமே இல்லை.

அதனால் புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இன்றே தொடங்கலாம். பொறியாளர், பூச்சியியலாளர், மானிடவியலாளர், பொருளியலாளர் என எல்லோருக்கும் இந்தத் துறையில் வேலை உண்டு.

பட்டம் முடித்த கையோடு முதுகலைக்கு ஓடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. கொஞ்ச காலம் களத்தில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், களப்பயிற்சி எத்தனை மாதம் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய நோய்ப்பரவல் புலனாய்வுப் பணி, வேலை செய்துகொண்டே கற்கும் இரண்டாண்டுப் பயிற்சி. அந்த மாதிரியைப் பின்பற்றிய களப்பயிற்சித் திட்டங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பல வேலைகள் திட்ட நிதியை நம்பி இருப்பவை. நிதி நின்றால் வேலையும் போகும். நேர்காணலில் சம்பளம் கேட்கும்போதே ஒப்பந்தம் எப்போது முடிகிறது, நீட்டிப்பு யார் கையில் என்பதையும் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்டதற்காக யாரையும் நான் நிராகரித்ததில்லை.