மலை ஏறப் பழகுகிறோம், இறங்க யார் பழகுவது?

சித்திரை மாதம் வெள்ளியங்கிரி போய்வந்தவர்கள் மூன்றாம் நாள் பிசியோதெரபிக்கு வருவார்கள். பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள். ஜிம்முக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. "ஏறும்போது ஒண்ணுமே தெரியலைங்க, இறங்குனதுக்கப்புறம்தான் கால் போச்சு" என்பதுதான் வழக்கமான பல்லவி. நாற்காலியில் உட்காரும்போது கடைசி அரையடி தொப்பென்று விழுவார்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்குவார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். மலை ஏறுகையில் தொடையின் முன்தசை சுருங்கிச் சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. அதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், யாரும் சொல்லாமலே நின்றுவிடுவோம். இறங்குகையில் அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும், வண்டிக்கு பிரேக் போல. இதற்கு மூச்சு அவ்வளவாக வாங்காது. 'போதும் நில்' என்று நெஞ்சு சொல்லாததால் ஒரே மூச்சில் ஓடி இறங்கிவிடுகிறார்கள். நீளும்போதே சுமையைத் தாங்கும் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி மெல்ல ஏறி, 24 மணி நேரத்துக்கு மேல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று ஜிம்மில் சொல்வதை நம்ப வேண்டாம். அது ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. இறங்கும் வேலையை ஒருமுறை அளவாகச் செய்த தசை, அதே வேலை அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி வந்தால் முன்போல் கிழிவதில்லை. ஆகவே பெரிய மலைக்கு முன்னால் சின்னச் சின்ன இறக்கங்கள் வேண்டும். டிரெட்மில்லில் சாய்வைக் கூட்டி நடப்பது ஏற்றத்துக்கு மட்டும்தான் பயிற்சி.

பழனிக்குப் போகிறவர்கள் படியேறிப் போய், இறங்கும்போது விஞ்ச் வரிசையில் நிற்பார்கள். பயிற்சி என்று பார்த்தால் தலைகீழாகச் செய்ய வேண்டும்: விஞ்சிலோ ரோப்காரிலோ மேலே போய், கிட்டத்தட்ட 690 படிகளை நிதானமாக இறங்குங்கள். நெஞ்சுக்கு அலுப்பில்லாமல் தொடைக்கு மட்டும் வேலை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருத்தணியின் 365 படிகள் போதும். மேலே வரை வண்டி போகும். முதல் தடவை பாதி இறக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முழங்கால் தேய்மானம் ஏற்கெனவே உறுதியானவர்கள் தாங்களாக இதைச் செய்து பார்க்க வேண்டாம், பிசியோவிடம் நேரில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கோயிலுக்குப் போகாத நாட்களுக்கு வீட்டு மாடிப்படியின் கடைசிப் படி இருக்கிறது. ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு அதன்மேல் நில்லுங்கள். வலது கால் படியிலேயே இருக்கட்டும். இடது காலை முன்னால் நீட்டி, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி முடியும்போது குதிகால் தரையைப் பூப்போலத் தொட வேண்டும். எடையைத் தரையில் போடாமல் மறுபடி மேலே வாருங்கள். ஒரு காலுக்கு 8 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எதிரே கண்ணாடி இருந்தால் நல்லது. முழங்கால் சில்லு காலின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா, உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் பலவீனம் முழங்காலில் இல்லை, இடுப்பின் பக்கத் தசையில். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் சில வாரங்கள் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். கடைசி இரண்டு அங்குலத்தில் கால் தொப்பென்று விழுந்தால் படி உங்களுக்கு உயரம். உட்காரும் மணைப்பலகையைத் தரையில் ஆடாமல் போட்டு அதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது மண். தார்ச்சாலையில் ஓரடி போலத்தான் அடுத்த அடியும் விழும். அதே தசை, அதே கோணம், ஆயிரக்கணக்கான தடவை. ஏரிக்கரையிலோ கண்மாய்க்கரையிலோ ஒவ்வொரு அடியும் வேறு. ஒரு கல், ஒரு குழி, மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த மேடு. பாதம் சாயும் கணத்தில் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. நாம் யோசித்துச் செய்வதல்ல அது. தசைநாரிலும் மூட்டு நரம்புகளிலும் பழகிப் படிவது. பழகாத கணுக்கால்தான் மலையில் உள்பக்கமாக மடங்கிச் சுளுக்கும். வாரத்துக்கு நான்கு நாள், 40 நிமிடம் கரையில் நடந்தால் போதும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்கப் பழகினால் இன்னும் நல்லது. கண்ணை மூடி நிற்க முயன்றால் எவ்வளவு ஆடுகிறோம் என்று தெரியும். அதைச் சுவரோரம் செய்யுங்கள்.

கரையில் நடக்கும்போது காதில் ஹெட்போன் வேண்டாம். அறிவுரைக்காக அல்ல, காரணம் இருக்கிறது. ஆட்காட்டிக் குருவி சரளைத் தரையில் கூடு என்று ஒன்றும் கட்டாமல், லேசான குழியில் நான்கு முட்டை இடும். முட்டையின் நிறமும் புள்ளியும் கூழாங்கல்லோடு கலந்துவிடும். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்ச்சிலிருந்து மழைக்காலம் வரை அது தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால், கீழே எங்கோ முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வந்த தடத்திலேயே பத்தடி பின்வாங்கிச் சுற்றிப் போங்கள். இதைக் கவனிக்கும் வேகத்தில் நடப்பவருக்குத் தன் மூச்சும் கேட்கும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் தொடக்கக்காரருக்கு ஏற்றது. சொல் சொல்லாக வெட்டிப் பேசினால் வேகம் கூடிவிட்டது.

ஆறு வாரம் இப்படிப் போனால், மூன்று நான்கு கிலோ பையோடு பக்கத்துக் குன்று ஒன்றை ஏறி இறங்கலாம். வனப்பகுதி என்றால் அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு இதில் விளையாட்டே கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு முன்பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். முதல் மலைக்கு 'எளிது' போதும். நண்பர்கள் கேலி செய்தால் செய்யட்டும்.

நேரக் கணக்குக்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 6 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 2 மணி 12 நிமிடம். நம் வெயிலுக்கும் புதியவர்களுக்கும் இதை ஒன்றரை மடங்காக்குங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்புமுன்பே குறித்துக்கொண்டு, அந்த மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணில் தெரியும்போது திரும்புவதுதான் மலையில் கடினமான வேலை. அதை ஒருமுறை செய்துவிட்டவரை எந்தக் கூட்டத்தோடும் தைரியமாக அனுப்பலாம்.

இறங்கும்போது அடி குட்டையாக, முழங்கால் சற்று மடங்கியபடி இருக்கட்டும். விறைத்த காலோடு குதிகாலை ஊன்றினால் சுமை முழுவதும் மூட்டுக்குப் போகிறது. செங்குத்தான இடத்தில் குறுக்காக வளைந்து வளைந்து இறங்குங்கள். சமதளத்தில் ஊன்றும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்குவதுதான் தடிக்குச் சரியான உயரம்; இறக்கத்துக்கு அதைவிட நான்கு விரல் அகலம் கூடுதல். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வாங்கும்போதே நிறுத்திப் பாருங்கள். ஷூவின் முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறங்குமுன் கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னே வழுக்கி நகம் கறுக்கும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு; உப்பும் சர்க்கரையும் மிஞ்சி வயிறு பிடித்துக்கொள்ளும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வையுங்கள், பைக்குள் அடியில் அல்ல. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். கொப்புளம் உடைந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நாற்பது கடந்து, இரத்த அழுத்தமோ நெஞ்சுவலியோ இருந்தவர்கள் இதய மருத்துவரைப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அது 'கேஸ்' என்று சோடா தேடாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், ஆளை அனுப்பி உதவி வரவழையுங்கள்.

மலை இறங்கிய மறுநாள் படுத்தே கிடக்காமல் சமதளத்தில் 20 நிமிடம் மெல்ல நடங்கள். தொடையை அழுத்தித் தேய்க்கும் எண்ணெய் மசாஜை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். நாலைந்து நாளில் வலி தானாக அடங்கும். முழங்கால் வீங்கினாலோ, படியிறங்கும்போது மூட்டு பிசகி விட்டுவிடுவது போலிருந்தாலோ அது தசைவலி அல்ல, காட்ட வேண்டும். சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் பிசியோவிடம் வராதீர்கள். கிழிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.