‘சீருடைப் போராட்டம்’ என்றால் எந்தப் போராட்டம்?

விமான நிறுவனத்தில் ஊதியப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும்போது, விமானிகள் சில சமயம் உடையில் கை வைப்பார்கள். தொப்பி போடாமல் வருவார்கள். நிறுவனம் கொடுத்த டைக்குப் பதிலாக வேறு நிறத்தில் ஒன்றைக் கட்டுவார்கள், அல்லது அடையாள அட்டை தொங்கும் நாடாவை மட்டும் சங்கத்தின் நாடாவாக மாற்றிக்கொள்வார்கள். விமானம் வழக்கம்போலக் கிளம்பும், வழக்கம்போல இறங்கும். இதைத் தமிழில் ‘சீருடைப் போராட்டம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? சீருடை பிடிக்கவில்லை என்று போராடுகிறார்களா, சீருடையை வைத்துக்கொண்டு வேறு எதற்கோ போராடுகிறார்களா? விமானத் துறையில் இரண்டுமே நடக்கிறது, இரண்டுக்கும் காரணமும் வேறு, சட்டமும் வேறு. அதனால் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் யூனிஃபார்ம். லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘ஃபோர்மா’ என்றால் வடிவம். ஒரே வடிவான, எங்கும் மாறாத என்ற பொருளில் பெயரடையாகத்தான் இந்தச் சொல் பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒரே மாதிரி உடுத்திய படைகள் வந்த பிறகு அந்த உடைக்கே பெயராக நின்றுவிட்டது.

தமிழில் இதற்கு நிலைத்த சொல் சீருடை. சீர் + உடை, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சொல்லை ஆக்கியவர்கள் ‘ஒன்று’ என்பதை மொழிபெயர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓருடை, ஒரேயுடை என்றெல்லாம் போகாமல் சீர் என்பதைப் பிடித்தார்கள். சீருக்குத் தமிழில் ஏகப்பட்ட பொருள்: அழகு, சிறப்பு, ஒழுங்கு, அளவு. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று குறள் சொல்லும்போது அது எடை. யாப்பில் அடியை அளக்கும் உறுப்பும் சீர்தான். ‘மூச்சு சீராக இருக்கிறது’ என்று பேச்சில் சொல்கிறோமே, அங்கே ஏற்றத்தாழ்வு இல்லாத ஒழுங்கு. ஆக, ஒரே மாதிரி என்பதோடு அளவு, மதிப்பு என்ற இரண்டும் சீருடையில் ஒட்டிக்கொண்டன. ஒரு சின்ன எச்சரிக்கை: பழைய செய்யுளில் ‘சீருடை’ என்று வந்தால் துணியைத் தேடக் கூடாது, அங்கே ‘உடை’ என்பது ‘உடைய’ என்பதன் குறுக்கம், சிறப்புடைய என்று பொருள்.

விமானிக்கு இந்த உடை கடலிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகளுக்கு 1748-இல் நீல உடையை விதியாக்கியது. ‘நேவி ப்ளூ’ என்று நாம் சொல்லும் கருநீலம் அந்த வழியில் வந்ததுதான். தொடக்க கால விமானிகளுக்கும் அந்த நீலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. திறந்த இருக்கையில் காற்றிலும் எண்ணெய்த் தெறிப்பிலும் உட்கார்ந்து ஓட்டியவர்கள் தோல் சட்டையும் காற்றுக் கண்ணாடியும் போட்டார்கள், குளிருக்குத் தேவைப்பட்டது, போட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் பான் அமெரிக்கன் நிறுவனம்தான் இதை மாற்றியது. தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகுகளை அது ஓட்டியது, வேகமான பாய்மரக் கப்பல்களின் நினைவில் அவற்றுக்கு ‘கிளிப்பர்’ என்று பெயர் வைத்தது, 1931-இல் முதல் கிளிப்பர் பறந்தது. ஓட்டுபவர் ‘கேப்டன்’ ஆனார். கப்பல் அதிகாரி போலக் கருநீலக் கோட்டும் விளிம்பு வைத்த தொப்பியும் பொன் கோடுகளும் வந்தன. காரணம் எளிது. கடலுக்கு மேல் பறக்கப் பயந்த பயணிக்கு, சாகசக்காரரைப் போல இல்லாமல் பொறுப்பான கப்பல் தலைவரைப் போல ஒருவர் தெரிய வேண்டியிருந்தது. நாம் பேசவந்த விஷயத்துக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது: விமானியின் சீருடை முதல் நாளிலிருந்தே பயணியிடம் பேசுவதற்காகத் தைக்கப்பட்டது. பறப்பதற்கு அது தேவையே இல்லை.

‘பைலட்’ என்ற சொல்லும் கடலோடிதான். கிரேக்கத்தில் திசைதிருப்பும் துடுப்பைக் குறித்த சொல்லிலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது என்பார்கள். அப்படிப் பார்த்தால் கப்பலைச் செலுத்தும் மீகாமன்தான் அதற்கு மிக நெருங்கிய தமிழ். வானத்துக்கு நமக்குக் கிடைத்த பழைய சொல் வலவன். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் வருகிறது, ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் வானூர்தி என்று பொருள். அழகான சொல், ஆனால் இன்று விமானி என்பது ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டியதில்லை. கேப்டனுக்குத் தலைமை விமானி, ஃபர்ஸ்ட் ஆஃபீஸருக்குத் துணை விமானி, இவை போதும்.

தோளில் இருக்கும் கோடுகளுக்குத்தான் தமிழில் தடுமாறுகிறோம். ஆங்கிலத்தில் ‘எப்பலெட்’. பிரெஞ்சில் ‘எப்போல்’ என்றால் தோள், எப்பலெட் என்றால் குட்டித் தோள். சட்டையின் தோளில் ஒரு துணிவார் தைத்திருக்கும், கழுத்துப் பக்கம் பொத்தானை அவிழ்த்து, கோடு போட்ட உறையை அதில் நுழைத்து, மறுபடி பொத்தானைப் போட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் தலைமை விமானிக்கு 4 கோடு, துணை விமானிக்கு 3. பத்திரிகைகளில் இதைத் ‘தோள்பட்டை’ என்று எழுதுகிறார்கள். தோள்பட்டை என்பது உடம்பின் பாகம், ‘விமானி தோள்பட்டையைக் கழற்றினார்’ என்று எழுதினால் எலும்பு முறிவு மருத்துவர்தான் வரவேண்டும் என்று படிப்பவர் நினைப்பதற்கு இடமுண்டு. தோளணி என்று எழுதலாம், அணியும் பொருள் என்பதும் தோளுக்கு உரியது என்பதும் ஒரே சொல்லில் வந்துவிடும். கோடுகளை மட்டும் சொல்ல ‘தோள்கோடு’ போதும். சட்டையில் குத்தும் பேட்ஜுக்கு வில்லை என்று பழைய சொல்லே இருக்கிறது, அலுவலகச் சேவகர்கள் அணிந்த உலோகப் பட்டயத்தை அப்படித்தான் சொன்னார்கள், வில்லைச் சேவகன் என்றே ஒரு பெயர் உண்டு.

சரி, போராட்டத்துக்கு வருவோம்.

சீருடையை வைத்துப் போராடுவதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் க்வான்டாஸ். 2011-இல் அதன் நீண்டதூர விமானிகள் ஒப்பந்தப் பேச்சின்போது சிவப்பு டை கட்டிக்கொண்டு பறந்தார்கள், பறக்கும்போது ஒலிபெருக்கியில் பயணிகளுக்குத் தங்கள் கோரிக்கையைச் சொன்னார்கள். விமானங்களை அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு டை, ஓர் அறிவிப்பு, அவ்வளவே. பொறியாளர்களும் தரைப் பணியாளர்களும் தனியாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அக்டோபர் 29 அன்று நிறுவனமே தன் விமானங்கள் அனைத்தையும் உலகெங்கும் தரையில் நிறுத்தியது, 3 சங்கங்களின் உறுப்பினர்களையும் வேலைக்கு விடாமல் கதவடைப்பு செய்யப்போவதாக அறிவித்தது. சிவப்பு டை கட்டியவர்களும் வேலையை நிறுத்தியவர்களும் ஒரே அறிவிப்பில் சேர்க்கப்பட்டார்கள். தொழில் தீர்ப்பாயம் தலையிட்டு இரண்டு நாளில் எல்லா நடவடிக்கைகளையும் முடித்துவைத்தது.

ஏன் டை, ஏன் தொப்பி என்று கேட்டால், மற்ற கதவுகள் பூட்டியிருப்பதால். அமெரிக்காவில் விமான ஊழியர்கள் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் வருகிறார்கள், 1926-இல் ரயிலுக்காக வந்த சட்டம் 1936-இல் விமானத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒப்பந்தப் பேச்சு தோற்றால்கூட உடனே வேலைநிறுத்தம் செய்ய முடியாது. தேசிய சமரச வாரியம் பேச்சு முறிந்தது என்று விடுவிக்க வேண்டும், அதன்பிறகு 30 நாள் பொறுத்திருக்க வேண்டும், வாரியம் விடுவிக்க எத்தனை மாதம் எடுத்துக்கொள்ளும் என்பதற்குக் கெடுவும் இல்லை. வேண்டுமென்றே வேலையை மெதுவாக்கினால் நிறுவனம் நீதிமன்றத் தடை வாங்கிவிடும். இப்படி அடைத்துவிட்டால் மிச்சமிருப்பது உடம்பின் மேல் இருக்கும் துணிதான். அந்தத் துணியும் தற்செயலாகக் கிடைத்த கருவி கிடையாது. எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தும் இடத்தில் ஒரு நூல் மாறினாலும் கண்ணில் படும், பயணி கேட்பார், பதில் சொல்லலாம். பயணியின் நம்பிக்கைக்காக நிறுவனம் தைத்த உடையிலேயே விமானி தன் குறையை எழுதிக்காட்டுகிறார். நிறுவனத்துக்கு அது சுடுவதும் அதனால்தான்.

இதே உடையை விமானிகள் நேர்மாறாகவும் பயன்படுத்துவார்கள். பணி இல்லாத நாளில், கோட்டும் தொப்பியும் தோள்கோடும் ஒன்றும் குறையாமல் அணிந்து, விமான நிலைய வாசலில் பதாகை பிடித்து வரிசையாக நிற்பார்கள், பெரும்பாலும் பேசாமலே. 2022-இல் அமெரிக்காவில் டெல்டா, சவுத்வெஸ்ட் விமானிகள் இப்படி நின்றார்கள். இதை ஆங்கிலத்தில் பிக்கெட்டிங் என்பதால் தமிழில் ‘மறியல்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. மறியல் என்றால் மறிக்க வேண்டும். இங்கே யாரும் யாரையும் மறிப்பதில்லை, பயணி பக்கத்திலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார். ‘சீருடையில் பதாகை ஏந்தி நின்றார்கள்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

இதெல்லாம் சட்டப்படி செல்லுமா என்றால் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1945-இல் ரிபப்ளிக் ஏவியேஷன் என்ற போர் விமானத் தொழிற்சாலை வழக்கில், சங்க வில்லை அணிந்ததற்காகத் தொழிலாளர்களை நீக்கியது செல்லாது என்றது. அது வேறு சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு, விமானிக்கு அப்படியே பொருந்தாது. ஜப்பானில் கோரிக்கை எழுதிய ரிப்பனை நெஞ்சில் குத்திக்கொண்டு வேலை செய்வது சங்கங்களின் பழைய வழக்கம், ஆனால் ஒக்குரா ஹோட்டல் ஊழியர்கள் அப்படிச் செய்த வழக்கில் 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது முறையான சங்க நடவடிக்கை ஆகாது என்று சொன்னது. வேலையை ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் நெஞ்சில் ஒரு ரிப்பன் குத்தியதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னமும் நியாயமாகப் படவில்லை.

இனி மற்ற வகை, சீருடையையே எதிர்ப்பது. ஹாங்காங்கின் கத்தே பசிபிக் விமான நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்ற விதியைச் சங்கம் எதிர்த்தது, 2018-இல் காற்சட்டை அணியலாம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2016-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் புதுச் சீருடை கொடுத்தபோது தலைவலி, தோல் தடிப்பு என்று ஆயிரக்கணக்கான ஊழியர்கள் புகார் சொன்னார்கள், நிறுவனம் கடைசியில் தயாரிப்பாளரையே மாற்றியது. விமானிகளுக்குத் தாடி ஒரு நீண்ட வழக்கு. அவசரத்தில் உயிர்வளி முகமூடி முகத்தோடு ஒட்டாது என்பதுதான் மழிக்கச் சொல்ல நிறுவனங்கள் காட்டிய காரணம். ஏர் கனடா கேட்டுக்கொண்டபடி சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்து, தாடியால் அந்தக் கெடுதல் தெரியவில்லை என்றது, 2018-இல் அந்த நிறுவனம் கத்தரித்த தாடியை அனுமதித்தது. இவற்றில் உடைதான் பிரச்சினை, உடை மாறினால் பிரச்சினை தீரும். க்வான்டாஸ் விமானிகளுக்கு டையின் நிறத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டைக் காட்ட நம் வேற்றுமை உருபுகளே போதும். சீருடை‘யை’ எதிர்ப்பது இரண்டாம் வேற்றுமை. சீருடை‘யால்’ எதிர்ப்பது மூன்றாம் வேற்றுமை. ‘சீருடைப் போராட்டம்’ என்று இரண்டு சொல்லையும் ஒட்டித் தொகையாக்கும்போது ‘ஐ’, ‘ஆல்’ என்ற உருபும், ‘எதிர்க்கும்’, ‘செய்யும்’ என்று பொருளை விரிக்கும் சொல்லும் (இலக்கணத்தில் ‘பயன்’) சேர்ந்து மறைந்துவிடுகின்றன. இடையில் ப் போட்டதாலும் உதவி இல்லை, இரண்டு பொருளிலும் அந்த ஒற்று மிகும். ‘சீருடை எதிர்ப்பு’ என்றால் உடை பிடிக்காதவர்கள் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ‘சீருடை மாற்றப் போராட்டம்’ என்பது இன்னும் மோசம், மாற்றச் சொல்கிறார்களா, மாற்றியதை எதிர்க்கிறார்களா, மாற்றிக்கொண்டு போராடுகிறார்களா என்று மூன்றாகப் பிரியும்.

என் பரிந்துரை: உடையைக் கருவியாக்கும் போராட்டத்தை உடைவழிப் போராட்டம் என்று எழுதலாம். அஞ்சல்வழிக் கல்வி என்கிறோம், வாய்வழித் தேர்வு என்கிறோம், அந்த ‘வழி’ கருவிப் பொருளை ஐயமில்லாமல் தரும். உடையையே எதிர்ப்பதற்குச் சீருடை விதி எதிர்ப்பு. தலைப்பில் இடம் இருந்தால் இரண்டும் வேண்டாம், ‘சிவப்பு டை அணிந்து விமானிகள் எதிர்ப்பு’ என்று பொருளையே வைத்துவிடலாம், கறுப்புப் பட்டை அணிந்து பணி என்று எழுதிப் பழகிய கைதானே நமக்கு.

எந்தச் சொல்லை எடுத்தாலும் இதற்கு ‘விமானிகள் வேலைநிறுத்தம்’ என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள். வேலைநிறுத்தம் என்றால் வேலை நின்றிருக்க வேண்டும். டை மாற்றியவருக்கும் விமானத்தை நிறுத்தியவருக்கும் பல நாடுகளின் சட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பும் தண்டனையும் வேறு வேறு. பறந்துகொண்டே போராடியவரை வேலைக்கு வராதவர் என்று எழுதினால், அவர் அத்தனை கவனமாகத் தாண்டாமல் நின்ற கோட்டை நாமே தாண்டவைத்துவிடுகிறோம். அப்புறம், விதிப்புத்தகத்தில் உள்ளபடி மட்டும் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, ஒத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் ஒரு மணிகூடப் பறக்காமல் இருப்பது இன்னொரு வகை. 2001-இல் கத்தே பசிபிக் விமானிகள் செய்தது அது. அதற்குச் ‘சட்டப்படி வேலை’ என்று தொழிற்சங்கங்களில் ஏற்கெனவே நல்ல பெயர் புழங்குகிறது, அதையும் உடைவழிப் போராட்டத்தோடு கலக்க வேண்டாம்.