இயல்பைவிட 6 டிகிரி அதிகம்: வசந்த காலத்தில் அதற்கு என்ன மதிப்பு?

வானிலை அறிக்கையில் ‘இயல்பைவிட 6 டிகிரி அதிகம்’ என்று ஒரு வரி வருகிறது. ஜூலையில் அதைப் படித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். மார்ச்சில் படித்தால் பெரும்பாலும் அடுத்த வரிக்குப் போய்விடலாம். இரண்டும் அதே 6 டிகிரிதான், ஆனால் எடை வேறு. இந்தக் கட்டுரை வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைப் பகுதிகளை, அதிலும் கடலிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே வசந்தம் என்று ஒன்று முழு வீச்சில் நடப்பது அங்கேதான். தென் அரைக்கோளத்துக்கு ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த இயல்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஓர் இடத்தில் 30 ஆண்டுகள் எடுத்த பதிவுகளின் சராசரியைத்தான் உலக வானிலை அமைப்பு அந்த இடத்தின் இயல்பாக வைத்துக்கொள்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1991–2020 காலத்துக் கணக்கு. 30 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. 1935இல் வார்சாவில் கூடிய வானிலைத் துறை இயக்குநர்கள் 1901–1930 காலத்தைப் பொது அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு விசித்திரமான ஆண்டு சராசரியை இழுத்துக்கொண்டு போகாத அளவுக்கு நீளம், பல நிலையங்களிடமும் பதிவு இருக்கும் அளவுக்குக் குறுக்கம். நல்ல சமரசம்தான்.

மாதச் சராசரிக்கு இது சரி. ஒரு தேதிக்கான இயல்பு என்று வரும்போதுதான் சிக்கல். ஏப்ரல் 10க்கு இயல்பு வேண்டுமென்றால் கையில் இருப்பது முப்பது ஏப்ரல் 10கள் மட்டுமே. ஒரு நாளின் வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு 5, 6 டிகிரி மேலும் கீழும் ஆடும் ஊரில், முப்பது எண்களைக் கூட்டி வகுத்த பிறகும் ஏறக்குறைய 1 டிகிரி தடுமாற்றம் மிச்சம் இருக்கும். அதை அப்படியே வரைந்தால் 10ஆம் தேதி சூடு, 11ஆம் தேதி குளிர், 12ஆம் தேதி மறுபடி சூடு என்று கோடு ரம்பப் பல் போல வரும். ஏப்ரல் 11க்கென்று வானத்தில் தனிச் சட்டம் ஏதும் கிடையாது என்பதால், அந்தக் கோட்டைக் கணிதத்தால் வழவழப்பாக்கி வெளியிடுகிறார்கள். அறிக்கையில் ‘இன்றைய இயல்பு 14.3’ என்று பார்த்தால், அது அக்கம்பக்கத்து நாட்களையும் கலந்து வரைந்த ஒரு வளைகோட்டின் புள்ளி.

வசந்தத்தில் அந்த வளைகோடு செங்குத்தாக ஏறுகிறது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் மார்ச் சம இரவு நாளையொட்டி, நண்பகல் சூரியன் நாளுக்கு 0.4 பாகை உயர்கிறது. 45 பாகை அட்சரேகையில் பகல் ஒவ்வொரு நாளும் 3 நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஜூன் கடைசியில் இதே கணக்கைப் போட்டால் மாற்றம் ஏறக்குறைய பூஜ்ஜியம். விளைவு, உள்நாட்டு ஊர்களில் இயல்பு வெப்பநிலை மாதத்துக்கு 6, 7 டிகிரி கூடுகிறது, அதாவது ஐந்து நாளைக்கு 1 டிகிரி. மே முதல் வாரத்து வானிலை ஏப்ரல் நடுவில் வந்து நின்றால், அதுவே கிட்டத்தட்ட 3, 4 டிகிரி விலகலாகப் பதிவாகும். வேறு எந்த அதிசயமும் தேவையில்லை, பருவம் கொஞ்சம் முந்தினால் போதும்.

வீட்டில் வெப்பமானி வைத்துக் குறித்து வருபவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். மார்ச் மாதத்தின் இயல்பு 9 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் அது 6, முடிவில் 12. மார்ச் 15 அன்று அதுவரை எடுத்த அளவுகளின் சராசரி 7.5 வருகிறது. ‘இயல்பைவிட ஒன்றரை டிகிரி குறைவு, குளிரான மார்ச்’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு நாளும் அதன் இயல்பிலேயே இருந்திருக்கிறது. முதல் பாதி எப்போதுமே மாதச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். ஜூலையில் இந்தத் தவறு பெரிதாகக் கடிக்காது, மார்ச்சிலும் ஏப்ரலிலும் கடிக்கும். மாதம் பாதியில் இருக்கும்போது, அந்தந்தத் தேதியின் இயல்போடு ஒப்பிட்டு விலகல்களைச் சராசரி எடுப்பதுதான் நியாயம்.

சரி, அந்த 6 டிகிரிக்கு வருவோம். ஒரு விலகல் பெரிதா சிறிதா என்பதை, அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் வெப்பநிலை வழக்கமாக எவ்வளவு ஆடுகிறது என்பதே சொல்லும். புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். கண்டத்தின் உட்பகுதியில் மார்ச் மாத நாட்களுக்கு அது 5 முதல் 6 டிகிரி வரை இருக்கும், ஜூலையில் 3 அளவில். எனவே மார்ச்சில் +6 என்பது ஒரு திட்ட விலக்கம், ஏறக்குறைய ஆறு நாளில் ஒரு நாள் வரக்கூடியது. ஜூலையில் அதே +6 இரண்டு திட்ட விலக்கம், நாற்பது நாளில் ஒரு நாள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு தீவில் +6 பதிவானால், முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட வேண்டும். வானிலை அறிக்கைகள் விலகலோடு இந்த வழக்கமான ஆட்டத்தையும் சேர்த்துப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். எங்கோ ஒரு சில சேவைகள்தான் அதைச் செய்கின்றன.

ஏன் இவ்வளவு ஆட்டம்? தெற்கே நிலம் சூடேறத் தொடங்கிவிட்டது, வடக்கே இன்னும் பனி கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு பெரிது. அந்த வேறுபாடுதான் உயரே ஓடும் ஜெட் காற்றோட்டத்துக்குத் தீனி. அது வளைந்து நெளியும்போது காற்றழுத்தத் தாழ்வுகள் அடுத்தடுத்து நகர்கின்றன. தாழ்வின் முன்பக்கம் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றும், பின்பக்கம் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றும் வருகின்றன. பிற்பகல் 22 டிகிரி இருந்த ஊரில், காற்று திசை மாறிய சில மணி நேரத்தில் 10 டிகிரி சரிவது வசந்தத்தில் சாதாரணம். அப்புறம் ஜூலை வரும்போது வடக்கும் சூடேறிவிடுகிறது, எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

தரையில் கிடக்கும் பனி தனிக் கதை. புதுப் பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சியதும் உருகுவதற்கே செலவாகும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும், அவ்வளவு வெப்பம் போன பிறகும் வெப்பநிலை பூஜ்ஜியத்திலேயே நிற்கும். ஆகவே பனி மூடிய வயலுக்கு மேலே காற்று எளிதில் சூடாகாது. பனி போன மறுநாள் அதே வெயில் கறுத்த மண்ணைச் சுடுகிறது, வெப்பநிலை தாவுகிறது. இப்போது இயல்பை யோசித்துப் பாருங்கள். மார்ச் 20 அன்று பனி கிடந்த ஆண்டுகளும், பனி போய்விட்ட ஆண்டுகளும் ஒரே சராசரிக்குள் அடைபட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் வரும் எண், இரண்டு வகை ஆண்டுகளிலுமே அதிகம் பார்க்கக் கிடைக்காத எண்.

நீர் பக்கத்தில் இருந்தால் கதை மாறும். கடலும் பெரிய ஏரியும் நிலத்தைவிட மிக மெதுவாகச் சூடேறுகின்றன. மே மாத வெயிலில் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியிலிருந்து காற்று வீசினால், கரையோரம் சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதைவிட 10 டிகிரி வரைகூடக் குளிராக இருக்கலாம். கரையிலிருந்து தள்ளியிருக்கும் விமான நிலையத்தின் இயல்பை எடுத்துக்கொண்டு கரையில் உள்ள வெப்பமானியோடு ஒப்பிட்டால் வசந்தம் முழுக்கக் குறை விலகலாகவே வரும். ஊர் நடுவே இருந்தால் இதற்கு நேர்மாறு, அதுவும் இரவில். மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனையும் சுற்றியிருந்த நாட்டுப்புறத்தையும் ஒப்பிட்டு, நகரத்து இரவுகள் சுமார் 2 டிகிரி கூடுதல் சூடாக இருப்பதைக் கண்டார்.

அளக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. நிழலில், காற்றோட்டத்தில், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அளப்பது உலக வழக்கம். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில் வடிவமைத்த, சாய்சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டி இன்றும் பல நிலையங்களில் நிற்கிறது. வெயில் படும் சுவரில் மாட்டிய வெப்பமானி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது சுவரைத்தான் அளக்கும்.

அதைவிட நுட்பமானது, எந்த நேரத்தில் படிக்கிறோம் என்பது. அதிகபட்ச–குறைந்தபட்ச வெப்பமானியைத் தினமும் மாலை 5 மணிக்குப் படித்து, எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும் குறிமுள்ளை அந்த நேரத்து வெப்பநிலைக்குத் திரும்ப வைக்கிறீர்கள் என்று கொள்வோம். திங்கள் பிற்பகல் 24 டிகிரி. 5 மணிக்குப் படித்து முள்ளை வைக்கும்போது காற்று இன்னும் 23இல் இருக்கிறது. இரவே குளிர்காற்று வந்துவிட்டது, செவ்வாய் பகலில் 10 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் செவ்வாய் மாலை முள் 23ஐக் காட்டும், ஏனென்றால் புதுக் கணக்கு அங்கேதான் தொடங்கியது. ஒரே சூடான பிற்பகல் இரண்டு நாட்களின் கணக்கில் ஏறிவிட்டது. காலையில் படிப்பவர்களுக்கு இதே விபத்து குளிரான விடியலில் நடக்கும். அமெரிக்காவில் தன்னார்வ அளவையாளர்கள் பலர் 20ஆம் நூற்றாண்டின் போக்கில் மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். அந்த மாற்றமே, உண்மையில் இல்லாத ஒரு குளிர்ச்சியைப் பதிவுகளில் நுழைத்தது, அதைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. வெப்பநிலை நாளுக்கு நாள் தாவும் வசந்தத்தில் இந்தப் பிழைக்கு நல்ல வேட்டை.

இத்தனையும் சொன்ன பிறகு, வசந்த விலகல் எதுவுமே பொருட்டல்ல என்று நினைத்துவிட வேண்டாம். 2012 மார்ச்சில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் நடந்தது வேறு ரகம். வெதுவெதுப்பான காற்று வந்து நாள்கணக்கில் நகராமல் நின்றது. மினசோட்டாவின் ராச்செஸ்டர் போன்ற சில ஊர்களில் ஒரு நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையே அந்தத் தேதியின் பழைய அதிகபட்சச் சாதனையைத் தாண்டியது. இரவு நேரக் குளிர்ச்சி, பழைய பதிவுகளின் உச்ச வெயிலைவிடச் சூடு! ஒரு நாள் +6 வந்து போவதற்கும், பல நாள் தொடர்ந்து மிகப் பெரிய விலகல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்தது.

அதன் விலையை மரங்கள் கொடுத்தன. செடிகொடிகள் தேதி பார்ப்பதில்லை, வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வருகின்றன. 1735லேயே பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமர் இந்த யோசனையை முன்வைத்தார். இன்றைய கணக்கு எளிது. நாளின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து ஓர் அடிப்படை வெப்பநிலையை, அதாவது அதற்குக் கீழே செடி வளராது என்று வைத்துக்கொள்ளும் அளவை, கழிக்க வேண்டும். அடிப்படை 5 என்றால், சராசரி 20 டிகிரி உள்ள ஒரே நாள் 15 அலகு தருகிறது. 10 டிகிரி நாட்கள் மூன்று சேர்ந்தால்தான் அந்த 15. சூடான ஒரு வாரம் மூன்று வார வேலையை முடித்துவிடும். மிச்சிகன் மாநிலத்தில் ஆப்பிள் மரங்கள் அப்படித்தான் அந்த மார்ச்சில் அரும்பு விட்டு முந்தின.

மொட்டு திறக்கத் தொடங்கும் நிலையில் ஆப்பிள் அரும்பு −9 டிகிரியைப் பெரிய சேதமில்லாமல் தாங்கும். முழுப் பூவாக மலர்ந்த பிறகு −2இல் பத்தில் ஒரு பூ போகும், −4இல் பத்துக்கு ஒன்பது போகும். ஏப்ரலில் உறைபனி வந்தது. அந்தத் தேதிக்கு அது ஒன்றும் கேள்விப்படாத குளிர் அல்ல. மரம்தான் வளர்ச்சியில் தவறான கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஆண்டு மிச்சிகனின் ஆப்பிள் விளைச்சல் வழக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. இயல்புக்கு நெருக்கமான ஓர் இரவு, இயல்பை மீறிய ஒரு மாதத்துக்குப் பின்னால் வந்ததால் நடந்த அழிவு இது. விலகலை நாள்வாரியாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஏப்ரல் இரவில் எச்சரிக்கையாக எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

உறைபனி பற்றி இன்னொன்று. தெளிந்த, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைவிடச் சில டிகிரி கீழே இறங்கிவிடும். பதிவேட்டில் குறைந்தபட்சம் 2 டிகிரி, வெளியே புல்லெல்லாம் வெள்ளை. இரண்டும் உண்மைதான், அளந்த உயரம் வேறு.

கடைசியாக, ஒப்பிடும் 30 ஆண்டுகளே நகர்ந்துகொண்டிருக்கின்றன. உலக வானிலை அமைப்பு இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை இயல்பைப் புதுப்பிக்கச் சொல்கிறது. பெரும்பாலான இடங்களில் புதிய இயல்பு பழையதைவிடச் சற்று உயரம். அதனால் 1981–2010 கணக்கில் +1 என்று எழுதப்பட்ட ஒரு வசந்தம், 1991–2020 கணக்கில் +0.6 ஆகலாம், ஒரு வெப்பமானியும் மாறாமலே. நாளைக்கு என்ன உடுத்துவது, வயலில் எப்போது விதைப்பது என்று முடிவெடுக்கப் புதிய கணக்குதான் உதவும். நூறாண்டு மாற்றத்தைப் பார்க்க அது உதவாது. அதற்காகவே 1961–1990 காலத்தை நிலையான அளவுகோலாகத் தனியே வைத்திருக்கிறார்கள்.

இயல்பே தேவைப்படாத வசந்தப் பதிவு ஒன்றும் உண்டு. கியோட்டோவில் செர்ரிப் பூக்கள் முழுதாக மலர்ந்த நாட்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்தும் அரசவைக் குறிப்புகளிலிருந்தும் தொகுத்திருக்கிறார்கள், தொடக்கம் கி.பி. 812. இடையிடையே விடுபட்ட ஆண்டுகள் உண்டு, ஆனாலும் 1,200 ஆண்டு நீளம். பல நூற்றாண்டுகளாக முழு மலர்ச்சி ஏப்ரல் நடுப்பகுதியைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. 2021இல் அது மார்ச் 26. அதற்கு முன்பு பதிவானவற்றில் மிக முந்தியது 1409ஆம் ஆண்டின் மார்ச் 27.