டிராக்ஷன்: இழுவையா, பிடிமானமா?

'டிராக்ஷன்' என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். அங்கே 'திராகெரே' என்றால் இழுப்பது. டிராக்டரும் அதே வேரில் பிறந்ததுதான். அதனால் தமிழில் 'இழுவை' என்றே பெயர்த்து வந்திருக்கிறோம். ரயில் எஞ்சினுக்கும், எடை கட்டி முதுகை இழுக்கும் சிகிச்சைக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. கடலடியை வாரிச் செல்லும் மீன்வலையையும் இழுவை வலை என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் பனி மூடிய மலைச்சாலைக்கு இந்தச் சொல் போதாது. எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும், டயர் சாலையைப் பற்றவில்லை என்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நமக்கு வேண்டியது பிரேக்கும் திருப்பமும். இரண்டுமே டயரின் பற்றுதலை நம்பித்தான் இருக்கின்றன. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி சுலபமாகக் கிளம்பும், ஆனால் அதனால் சீக்கிரம் நின்றுவிடாது. எனவே இங்கே சரியான சொல் 'பிடிமானம்' என்பது என் உறுதியான கருத்து. வருமானம், கட்டுமானம், பெறுமானம் போல இயல்பாக அமைந்த சொல் அது.

163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவே நம் சிங்கப்பூர்த் தீவின் உச்சி. பனியும் கிடையாது. டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் இங்கே சட்டத்துக்குப் போதும். அமெரிக்காவின் கொலராடோவில் கணக்கே வேறு. ஐ-70 நெடுஞ்சாலையில் டாட்செரோ முதல் மோரிசன் வரையிலான மலைப்பகுதியில், செப்டம்பர் 1 முதல் மே 31 வரை பிடிமான விதி நடப்பில் இருக்கும். நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் டயர் பள்ளம் 3/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் பனிச்சாலைகளுக்கான சங்கிலி விதியில் ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று படிகள். ஆர்3 வந்துவிட்டால் எந்த வண்டியானாலும் டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்டித்தான் ஆக வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், மூன்று சிகரங்களும் பனித்துகளும் கொண்ட முத்திரை பதித்த டயரைத்தான் குளிர்கால டயராக ஏற்கிறார்கள்.

ஜூன் விடுமுறையில் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போய் வாடகைக் கார் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அப்போது குளிர்காலம். காரோடு சங்கிலியும் தருகிறார்களா, அதை எந்தச் சக்கரத்தில் மாட்ட வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கர இயக்கக் கார் என்றால் சங்கிலி முன்சக்கரங்களுக்கு.

அப்புறம், டேஷ்போர்டில் மின்னும் 'டிராக்ஷன் கன்ட்ரோல்' விளக்கு. அதைப் பிடிமானக் கட்டுப்பாடு எனலாம். சக்கரம் சுழன்று வழுக்கும்போது எஞ்சின் விசையைக் குறைத்தோ, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டோ அது வழுக்கலை அடக்குகிறது. இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் காக்கும், இல்லாததை உண்டாக்காது. அதற்கு டயரும் சங்கிலியும்தான் வேண்டும்.