ஜெனீவாவில் தங்கினால் பஸ், டிராம், படகு இலவசம்: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்தில் ஹோட்டல், இளைஞர் விடுதி, கேம்பிங் தளம் இவற்றில் எதில் அறை எடுத்தாலும், தங்கும் நாட்கள் முழுவதும் ஊருக்குள் பொதுப் போக்குவரத்தில் காசு கொடுக்காமல் போய் வரலாம். இதற்காகத் தரப்படுவதுதான் ஜெனீவா டிரான்ஸ்போர்ட் கார்டு. வந்து இறங்கும் நாளிலிருந்து அறையைக் காலி செய்யும் நாள் இரவு வரை அது செல்லும். உச்சவரம்பு 15 நாள். விருந்தினர்களிடம் ஒவ்வோர் இரவுக்கும் வசூலிக்கும் சுற்றுலா வரியிலிருந்துதான் இதற்குப் பணம் வருகிறது. ஆகவே அது சலுகை என்று கூச்சப்பட வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய உரிமை அது. முன்பதிவுத் தொகையில் இந்த வரி சேராமல் ஹோட்டலில் தனியாகக் கேட்பதும் உண்டு, திகைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் மட்டும் ஜெனீவா பார்க்கப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதைப் பார்ப்பது என்பதை அல்ல, எங்கே படுப்பது என்பதை. இந்த அட்டை கிடைக்குமா என்பதும், எந்த நாட்டுத் தூதரகத்தில் விசா கேட்க வேண்டும் என்பதும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

அட்டை யாருக்குக் கிடைக்காது

தனியார் வீட்டையோ அறையையோ இணையத்தில் வாடகைக்குப் பிடித்துத் தங்குபவர்களுக்குக் கிடையாது. உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கும் இல்லை. இவற்றை எல்லோரும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். பலரும் ஏமாறுவது எல்லைக்கோட்டில்தான்.

ஜெனீவாவை மூன்று பக்கமும் பிரான்ஸ் சூழ்ந்திருக்கிறது. விமான நிலையத்தின் ஓடுபாதையைத் தாண்டினால் ஃபெர்னே-வோல்தேர் என்ற பிரெஞ்சு ஊர். கிழக்கே டிராமே போய்ச் சேரும் ஆன்மாஸ், அதுவும் பிரான்ஸ். இந்த ஊர்களில் ஹோட்டல் மலிவு. பெயரிலும் ‘ஜெனீவா விமான நிலையம்’ என்று சேர்த்து வைத்திருப்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் நகர மையத்துக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே தங்கினால் ஜெனீவா அட்டை வராது. தினமும் எல்லை தாண்டும் கூடுதல் கட்டண மண்டலத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். நால்வர் குடும்பம் மூன்று நாள் இப்படிப் போய் வந்தால் அறையில் மிச்சம் பிடித்ததில் நல்ல பங்கு பஸ்ஸுக்கே போய்விடும். ஏரிக்கரையில் வடக்கே இருக்கும் நியோனும் அப்படித்தான். அது ஸ்விட்சர்லாந்துதான், ஆனால் வோ மாநிலம். முன்பதிவு செய்யும்முன் ஹோட்டல் முகவரியில் நாடு, மாநிலம் இரண்டையும் படியுங்கள்.

அட்டை கைக்கு வரும் வழி

இப்போது இது கைப்பேசியில் வரும் அட்டை. பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஹோட்டல் ஓர் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். அதைத் திறந்து ஒவ்வொருவர் பெயருக்கும் அட்டையை இறக்கிக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் இறங்கிய உடனேயே இதைக் காட்டி நகருக்குள் போகலாம்.

இங்கே சிக்கல் வருவது மின்னஞ்சல் முகவரியில். டிராவல் ஏஜென்ட் மூலம் அறை போட்டிருந்தால் ஹோட்டலிடம் இருப்பது ஏஜென்ட்டின் முகவரியாக இருக்கலாம். இணைப்பு அங்கே போய்க் கிடக்கும், நீங்கள் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஹோட்டலுக்கு நேரடியாக எழுதி, முன்பதிவு எண்ணோடு உங்கள் சொந்த முகவரியையும் கொடுத்துவிடுங்கள். கைப்பேசி சார்ஜ் இறங்கிவிட்டால் அட்டையும் இல்லாதது போலத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். அட்டை பெயருக்குரியது, வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. பரிசோதகர் கேட்டால் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஒரு தனிக் கதை. பாஸ்போர்ட்டில் ‘குமார் சுப்பிரமணியன்’ என்று விரித்து எழுதியிருக்கும், முன்பதிவில் ‘எஸ். குமார்’ என்று போட்டிருப்போம். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே முன்பதிவிலும் எழுதுங்கள். விசா விண்ணப்பத்தோடு இணைக்கும் ஹோட்டல் சான்றுக்கும் இதே விதி. ‘இரு பெரியவர், இரு குழந்தை’ என்று ஒருவர் பெயரில் மட்டும் அறை போடாமல், உடன் வரும் எல்லோர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு வரவே இல்லையென்றால், நிலையத்தில் மண்டலம் 10-க்கு (ஜெனீவாவின் கட்டண மண்டலம்) டிக்கெட் வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய் வரவேற்பில் கேளுங்கள். ‘ஹோட்டலுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், அதுவரை சும்மா போவோம்’ என்ற கணக்கு வேண்டாம். ஸ்விட்சர்லாந்தில் ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் ஏறிவிடலாம். ஆனால் பரிசோதகர்கள் எந்த நேரமும் வருவார்கள், அபராதம் கடுமையானது. சுற்றுலாப் பயணி, தெரியாமல் செய்தேன் என்ற விளக்கம் எடுபடாது.

எது அடக்கம், எது அடக்கமில்லை

அட்டை செல்லும் இடம் மண்டலம் 10, அதாவது ஏறக்குறைய முழு ஜெனீவா மாநிலம். டிராம், பஸ், மண்டலத்துக்குள் ஓடும் ரயில், துறைமுகத்தைக் குறுக்கே கடக்கும் ‘மூவெத்’ என்ற சிறு மஞ்சள் படகு எல்லாம் அடக்கம்.

ரயிலில் இரண்டாம் வகுப்பு மட்டுமே. இதைக் கவனிக்காமல் போவது மிக எளிது. விமான நிலையத்திலிருந்து மத்திய நிலையமான கோர்னவானுக்கு 7 நிமிடம்தான். பெட்டி தள்ளிக்கொண்டு ஓடும்போது கண்முன் நிற்கும் கதவில் ஏறிவிடுவோம். கதவருகே ‘1’ என்று பெரிதாக எழுதியிருந்தால் அது முதல் வகுப்பு. உட்காராமல் நின்றாலும் அங்கே இந்த அட்டை செல்லாது. ‘2’ எழுதிய பெட்டிக்கு நடந்து போங்கள்.

ஏரியில் வெகுதூரம் போகும் பெரிய கப்பல்கள் அடக்கமில்லை. மூவெத் படகும் கப்பலும் அருகருகே நிற்பதால் குழம்பிவிடக் கூடாது. பாக்கி (Pâquis) என்ற படகுத் துறையிலிருந்து எதிர்க்கரையின் மோலாருக்கோ ஓ-வீவுக்கோ மூவெத் சில நிமிடத்தில் கொண்டுபோய்விடும். ஓ-வீவ் பக்கம் போகும் படகிலிருந்து, 140 மீட்டர் உயரத்துக்கு எழும் ஷெ தோ நீரூற்றைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். விநாடிக்கு 500 லிட்டர் தண்ணீர் மேலே போகிறது. பணம் கொடுத்துப் போகும் சுற்றுலாப் படகைவிட இது குறைந்ததில்லை என்பது எங்கள் கருத்து. காற்று பலமாக அடித்தால் நீரூற்றையும் நிறுத்துவார்கள், படகையும் நிறுத்துவார்கள். அதனால் ஏரியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காமல், வானம் தெளிந்த முதல் நாளிலேயே முடித்துவிடுவது நல்லது.

நகருக்கு வெளியே செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையமும் மண்டலம் 10-க்குள்தான். 18-ஆம் எண் டிராம் கோர்னவானிலிருந்து நேரே அதன் வாசலுக்குப் போகிறது. அங்கே 2023 அக்டோபரில் திறந்த சயின்ஸ் கேட்வே கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. அதே வளாகத்தில் 2004-இல் இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த 2 மீட்டர் உயர நடராஜர் சிலை இருக்கிறது. அது உட்பகுதியில் இருப்பதால், நாமாக நடந்து போய்ப் பார்த்துவிட முடியாது. அதை மட்டுமே நம்பிப் போனால் ஏமாற்றமாகும். கண்காட்சிக்காகப் போங்கள், அதற்கே அரை நாள் வேண்டும்.

சலேவ் மலைக்கு கேபிள் கார் ஏறுகிறவர்கள் 8-ஆம் எண் பஸ்ஸில் கடைசி நிறுத்தமான வெரியே-துவான் வரை அட்டையிலேயே போகலாம். அங்கிருந்து நடந்து எல்லையைக் கடந்தால் பிரான்ஸ். கேபிள் காருக்குத் தனிக் கட்டணம், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். லொசான், மொந்த்ரோ, ஷியோன் கோட்டை எல்லாம் மண்டலத்துக்கு வெளியே. ஏரிக்கரை ஊரான கொப்பேயும் வெளியேதான்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கியவர்கள் கவனத்துக்கு

நாடு முழுவதும் பயணம் செய்ய 3, 4, 6, 8, 15 தொடர் நாட்களுக்கு விற்கும் அந்தப் பாஸ் விலை அதிகம். ஜெனீவாவில் தங்கும் நாட்களுக்கும் சேர்த்து அதைத் தொடங்கினால், இலவச அட்டை கையில் இருக்கும்போதே பாஸின் நாட்கள் வீணாகக் கழியும். ஊரை விட்டு ரயிலேறும் நாளில் பாஸைத் தொடங்குங்கள். ஜெனீவாவில் இருந்தபடியே ஒரு நாள் லொசான் போய் வர மட்டும்தான் என்றால் பாஸே தேவையில்லை. முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட் போதும். அது குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். ஜெனீவா சிட்டி பாஸ் என்று பணம் கொடுத்து வாங்கும் வேறொன்றும் உண்டு. அது அருங்காட்சியகம், படகுச் சுற்று போன்றவற்றுக்கானது. இலவச அட்டைக்காக அதை வாங்க வேண்டியதில்லை.

விசாவும் இரவுக் கணக்கும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால விசா தேவை. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 டிசம்பர் முதல் ஷெங்கனில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஜெனீவாவில் 3 இரவு, பாரிஸில் 4 இரவு என்றால், விமானம் ஜெனீவாவில் இறங்கினாலும் விண்ணப்பம் பிரான்ஸுக்கு. இங்கே மறுபடி ஃபெர்னே-வோல்தேர் வருகிறது: ‘ஜெனீவா’ என்று நினைத்து அங்கே போட்ட இரவுகள் பிரான்ஸ் கணக்கில் சேரும். ஸ்விஸ் விண்ணப்பத்தில் பிரெஞ்சு முகவரியில் ஹோட்டல் சான்று இருந்து, அந்த இரவுகளே அதிகமானால், தவறான நாட்டிடம் விண்ணப்பித்ததாகவே பார்ப்பார்கள்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. மறுத்தால் திரும்ப வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை ஆகும். கோடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குவதுதான் சரி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதம் செல்வதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். சொந்தச் செலவில் வருபவர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 ஃப்ராங்க் கையிருப்புக் காட்ட வேண்டும் என்பது ஸ்விஸ் அளவுகோல்.

விசா ஒட்டியதும் தேதிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ‘எதுவரை’ என்ற தேதி ஒன்று, ‘எத்தனை நாள் தங்கலாம்’ என்ற எண் வேறொன்று. தேதி இன்னும் இருந்தாலும் நாள் எண் முடிந்துவிட்டால் வெளியேறியாக வேண்டும். வந்த நாளும் போகும் நாளும் இரண்டும் முழு நாளாகக் கணக்கில் வரும். இரவு 11 மணிக்கு இறங்கினால் அதுவும் ஒரு நாள். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானமென்றால் எல்லைச் சோதனையை எந்தத் தேதியில் கடப்பீர்கள் என்று பார்த்து, விண்ணப்பத்திலேயே ஒரு நாள் கூட்டிக் கேளுங்கள்.