கிளையாக்சால்: பெயர், பொருள், பயன்

இருஆல்டிஹைடுகளில் மிகச் சிறியது கிளையாக்சால். இரண்டு ஆல்டிஹைடுத் தொகுதிகள், நடுவில் வேறு கார்பன் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பிணைந்திருக்கும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றில் இரண்டிரண்டு அணுக்கள். மூலக்கூறு நிறை சுமார் 58. நீர் சேராத தூய நிலையில் அது 15 டிகிரி செல்சியசில் உருகும் மஞ்சள் படிகம். 51 டிகிரி அளவில் கொதித்துப் பச்சை நிற ஆவியாகும். ஆனால் ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் வந்து சேர்வது பெரும்பாலும் 40 விழுக்காட்டு நீர்க்கரைசல்தான். அதற்கு நிறம் இராது, இருந்தால் இளமஞ்சள்.

பெயரின் முதல் பகுதி, இரண்டு ஆல்கஹால் தொகுதிகள் கொண்ட கிளைகாலிலிருந்து வந்தது. அதன் வேர் இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மரக்கிளைக்கும் இதற்கும் உறவில்லை. நடுப்பகுதி ஆக்சாலிக் அமிலத்தினுடையது. அந்த அமிலத்துக்குப் பெயர் தந்த ஆக்சாலிஸ், நம் புளியாரை சேர்ந்த செடிப் பேரினம். கடைசியில் நிற்பது ஆல்டிஹைடைக் குறிக்கும் ஈறு. ஆல்டிஹைடு என்ற சொல்லே 'ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால்' என்னும் இலத்தீன் தொடரைச் சுருக்கி ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் உண்டாக்கியது. இந்தப் பெயரமைப்பு வேதியியலுக்கும் பொருந்தி வருகிறது. கிளைகாலைப் படிப்படியாக ஆக்சிஜனேற்றினால் கிளையாக்சால், அதன்பின் கிளையாக்சாலிக் அமிலம், முடிவில் ஆக்சாலிக் அமிலம். ஹைன்ரிக் டெபுஸ் 1850களில் எத்தனாலை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றி இதைப் பெற்று, பெயரும் இட்டார்.

தமிழில் எப்படி எழுதுவது? மூலக்கூறின் அமைப்பைச் சொல்லும் முறைப்பெயரை ஒலிபெயர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஆல்கஹாலின் ஈறும் ஆல்டிஹைடின் ஈறும் மூலத்தில் வெவ்வேறு உயிரெழுத்துக் கொண்டவை. தமிழில் இரண்டையும் 'ஆல்' என்றே எழுதிவிடுகிறோம். 'எத்தேன்டையால்' என்று எழுதினால் அது கிளையாக்சாலா, எத்திலீன் கிளைகாலா என்று தெரியாது. பின்னது குளிர்விப்பு நீரில் கலக்கும் டையால், அதாவது இரட்டை ஆல்கஹால். கிளையாக்சால் தயாரிக்கும் மூலப்பொருளும் அதுவே. எத்திலீன் கிளைகால் எளிதில் வினைபுரியாத நீர்மம், கிளையாக்சால் புரதத்தையும் தோலையும் பற்றிக்கொள்ளும் வினைப்பொருள். இந்த இரண்டும் ஒரே எழுத்துக்கோவையில் வரக் கூடாது. ஆகவே ஆல்டிஹைடுக்குக் குறில் கொண்டு 'எத்தேன்டையல்' என்றும், ஆல்கஹாலுக்கு நெடிலோடு 'எத்தேன்டையால்' என்றும் எழுதுவதே சரி. அந்த முறைப்படி 'கிளையாக்சல்' என்பதே துல்லியம். எனினும் 'கிளையாக்சால்' பாடநூல்வழிப் பழகிவிட்டது. அதோடு குழப்பிக்கொள்ள அதே ஒலியில் வேறொரு பொருளும் இல்லை. அதை மாற்ற வேண்டியதில்லை. வகைப்பெயராக 'இருஆல்டிஹைடு' நல்ல தமிழ். 'டைஆல்டிஹைடு' என்பதைவிடத் தெளிவானது. ஆல்டிஹைடை 'அல்டிகைட்டு' என்றும் ஆக்சிஜனை 'ஒட்சிசன்' என்றும் எழுதும் இலங்கை மரபில் 'கிளையொட்சால்' என்ற வடிவம் இயல்பாகப் பொருந்தும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. முளைக்கும் ஆமணக்கு விதையில் எண்ணெயைச் சர்க்கரையாக்க உதவும் உயிரணு நுண்ணுறுப்பு கிளையாக்சிசோம். ப்ரைடன்பாக்கும் பீவர்ஸும் 1967இல் ஆமணக்கில்தான் அதைப் பிரித்துக் காட்டினார்கள். கிளையாக்சிலேட் சுழற்சி நடக்கும் இடம் என்பதால் வந்த பெயர் அது. கிளையாக்சிலேட் என்பது கிளையாக்சாலிக் அமிலத்தின் உப்பு. கிளையாக்சாலுக்கு அந்தச் சுழற்சியில் இடமில்லை.

இதன் நடத்தை முழுவதும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறது: அருகருகே நிற்கும் இரண்டு கார்பனைல் தொகுதிகள் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தவை) ஒன்றிடமிருந்து மற்றொன்று எலக்ட்ரானை இழுக்கின்றன. இரண்டு கார்பன்களும் எலக்ட்ரான் பசியோடு இருப்பதால் நீரே வந்து ஒட்டிக்கொள்கிறது. கரைசலில் தனி ஆல்டிஹைடு மிகக் குறைவு. இரண்டு கார்பனிலும் நீரேறிய வடிவமும், செறிவு கூடும்போது இரண்டு மூன்று மூலக்கூறுகள் இணைந்த இருபடியும் முப்படியும்தான் அதிகம். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவது இந்தக் கூட்டுப்படிகளே. 50 டிகிரி அளவில் மெல்லச் சூடாக்கிக் கலக்கினால் கரைந்துவிடும். படிவை அப்படியே விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் செறிவுக் கணக்கு பொய்த்துப்போகும்.

காரத்தில் ஒரு ஆல்டிஹைடு ஆக்சிஜனேற்றமும் பக்கத்திலுள்ளது ஒடுக்கமும் அடைந்து, மூலக்கூறு தனக்குள்ளேயே கிளைகாலிக் அமில உப்பாக மாறும். இது அகக் கன்னிசாரோ வினை. அமிலக் கரைசலாக விற்கப்படும் இதன் பிஎச்சைக் (அமில, காரத்தன்மையின் அளவை) காரம் ஊற்றி வேகமாக உயர்த்தினால் வெப்பம் கிளம்பும், வினைப்பொருளும் வீணாகும்.

பென்சீன் அமைப்பை நிறுவுவதிலும் இதற்குப் பங்குண்டு. 1932இல் லெவினும் கோலும், பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு மெத்தில் தொகுதிகள் கொண்ட ஆர்த்தோ சைலீனை ஓசோனால் பிளந்தபோது கிளையாக்சால், மெத்தில்கிளையாக்சால், டைஅசெட்டில் ஆகிய மூன்றும் 3:2:1 விகிதத்தில் கிடைத்தன. இரட்டைப் பிணைப்புகள் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் மூன்றும் சேர்ந்து வந்திருக்காது.

உயிரணுவில் கிளையாக்சால் வேண்டாத விளைபொருள். குளுக்கோஸ் தானாக ஆக்சிஜனேற்றம் அடையும்போதும், கொழுப்பு பெராக்சைடாகச் சிதையும்போதும் தோன்றுகிறது. புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்ந்து கார்பாக்சிமெத்தில் லைசின் உண்டாகிறது. நீரிழிவில் மிகும் சர்க்கரையேறிய புரத விளைபொருள்களில் அதுவும் ஒன்று. இதைத் தணிப்பது கிளையாக்சலேஸ் நொதி இணை. உயிரணுவிலுள்ள குளுட்டாதயோன் என்னும் சிறு காப்பு மூலக்கூறோடு கிளையாக்சால் தானே சேர்ந்து ஹெமிதயோஅசெட்டாலாகும். முதல் நொதி அதைத் தயோஎஸ்டராக்கும். இரண்டாவது நொதி பிளந்து குளுட்டாதயோனைத் திருப்பிக் கொடுக்கும். மிஞ்சுவது கிளைகாலிக் அமிலம். குடுவையில் காரம் செய்யும் அதே மாற்றத்தை உடல் நடுநிலை பிஎச்சில் செய்து முடிக்கிறது. இந்நொதிச் செயலை 1913இல் டேக்கின், டட்லி இருவரும், தனியே நியூபெர்க்கும் அறிவித்தனர்.

ஆர்என்ஏ இழையின் நான்கு காரங்களில் ஒன்றான குவானினைக் கிளையாக்சால் பற்றும் குணத்தை ஆர்என்ஏ ஆய்வாளர்கள் நன்கு பயன்படுத்துகிறார்கள். குவானின் அடைபட்டால் இழை மடியாது; மின்சாரம் செலுத்திய ஜெல்லில் அளவின்படி ஓடும். மெக்மாஸ்டரும் கார்மைக்கேலும் 1977இல் தந்த முறை இது: 1 மோலார் கிளையாக்சால், 50 விழுக்காடு டைமெத்தில் சல்பாக்சைடு, 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7, 50 டிகிரியில் 1 மணி நேரம். தோல்வி பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கிறது. பழைய புட்டியில் காற்று பட்டுக் கிளையாக்சாலிக் அமிலம் சேர்ந்திருந்தால் ஆர்என்ஏ துண்டுபட்டு ஜெல்லில் இழுவையாகத் தெரியும். எனவே அயனி நீக்கும் கலப்புப் பிசினில் கலக்கி, பிஎச் 5க்கு மேல் வந்ததும் சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்த குழாயின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது, பாஸ்பேட் தாங்கல் கரைசல் மெலிந்தது. ஓட்டத்தின்போது அதைச் சுழலவிடாவிட்டால் ஒரு முனையில் பிஎச் 8ஐத் தாண்டி, ஒட்டியிருந்த கிளையாக்சால் கழன்றுவிடும். இதே கழலும் குணம் பின்னர் உதவுகிறது: சவ்வுக்கு மாற்றியபின் பிஎச் 8 டிரிஸ் கரைசலில் சூடாக்கினால் குவானின் விடுபட்டு, குறிப்பிட்ட ஆர்என்ஏவைக் கண்டறியச் சேர்க்கும் தேடுஇழை வந்து இணையும்.

ஆலைகளில் எத்திலீன் கிளைகாலின் ஆவியைக் காற்றோடு வெள்ளி அல்லது செம்பு வினையூக்கி மேல் செலுத்தியோ, அசெட்டால்டிஹைடை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றியோ தயாரிக்கிறார்கள். யூரியா 1, கிளையாக்சால் 1, பார்மால்டிஹைடு 2 என்ற மோல் விகிதத்தில் உண்டாகும் பிசின்தான் பருத்தித் துணியின் சுருக்கம் தவிர்க்கும் பூச்சு. மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, துணியைத் தோய்த்து, உலர்த்தி, 150 முதல் 170 டிகிரியில் பதப்படுத்துவார்கள். செல்லுலோஸ் இழைகள் குறுக்கே கட்டுண்பதால் சுருக்கம் குறையும்; அதே கட்டால் நூல் நெகிழ்ச்சி இழந்து கிழியும் வலிமையும் குறையும். பூச்சைக் கூட்டிக்கொண்டே போவதால் பலனில்லை.

பெயின்டில் சேர்க்கும் ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் தூளின் மேற்பரப்பையும் கிளையாக்சாலால் கட்டுவதுண்டு. நடுநிலை நீரில் தூள் ஊறாமல் சீராகப் பரவும். பிறகு சிறிது அமோனியா விட்டுப் பிஎச் 8க்கு மேல் கொண்டுபோனால் கட்டு அவிழ்ந்து கரைசல் கெட்டியாகும். முதலிலேயே அமோனியா ஊற்றிய நீரில் தூளைக் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த தூளோடு கட்டி தட்டிவிடும். எவ்வளவு கலக்கினாலும் எளிதில் உடையாது.

மருந்துத் துறையில் அமோனியாவோடு இது இமிடசோல் வளையத்தைத் தருகிறது. 1858இல் டெபுஸ் பெற்ற அந்தப் பொருளுக்குக் கிளையாக்சலீன் என்று பெயர் இருந்தது. அசெட்டால்டிஹைடும் உடன் சேர்ந்தால் 2-மெத்தில் இமிடசோல். அதை நைட்ரோவேற்றித் தொடர்ந்து மாற்றினால் மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து. நைட்ரிக் அமிலத்தால் கிடைக்கும் கிளையாக்சாலிக் அமிலம் குவாயகோலோடு சேர்ந்து, வெனிலா மணம் தரும் வெனிலினுக்கு வழிவிடுகிறது.

கரைசல் அமிலத்தன்மை உடையதால் சாதாரண இரும்புக் கலனில் வைக்கக் கூடாது. துருவேறாத எஃகோ நெகிழிக் கலனோ வேண்டும். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகி, பின்னர் சிறு அளவுக்கே அரிப்பெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும். அமீன்களோடும் காரங்களோடும் ஒரே மூடிய கலனில் கழிவாகச் சேர்த்தால் வெப்பமும் அழுத்தமும் ஏறும். தனிக் கலனில் சேர்க்க வேண்டும்.