பிள்ளை வீடு திரும்பவில்லையா? 24 மணி நேரம் காத்திருக்காதீர்கள்

துப்பறியும் நாவல்களில் கடத்தல் என்றால் தெருமுனையில் ஒரு வேன் நிற்கும், வீட்டுக்குப் போன் வரும், பணம் கேட்பார்கள். படிக்க விறுவிறுப்புதான். ஆனால் இந்தப் படமே மனதில் பதிந்துவிட்டதால், தங்கள் வீட்டில் நடந்திருப்பதும் கடத்தல்தான் என்பது பல பெற்றோருக்கு உறைப்பதில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையை யாரும் வாயைப் பொத்தித் தூக்கிப் போக வேண்டியதில்லை. டியூஷன் பையோடு அதுவாகவே நடந்து போகும். கூட்டிப் போகிறவன் அக்கம்பக்கத்தில் தெரிந்த ஆளாக இருப்பான், அல்லது இன்ஸ்டாகிராமில் மாதக்கணக்கில் பேசிப் பழகியவனாக இருப்பான்.

18 வயது நிரம்பாத பிள்ளையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் கூட்டிப் போனாலும், ஆசை காட்டி வரவழைத்தாலும் அது கடத்தல்தான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 137-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. பிள்ளை விரும்பித்தான் போனது என்ற வாதம் எடுபடாது. பழைய தண்டனைச் சட்டத்தில் பையன்களுக்கு 16 வயதுதான் வரம்பாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அவர்களுக்கும் 18. ஆகவே பதினேழு வயதுப் பையன் விஷயத்தில் "ஆம்பளப் புள்ள, தானா வந்துடுவான்" என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

ஒரு நாள் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது தவறான நம்பிக்கை. அப்படி ஒரு விதியே கிடையாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று கருதியே விசாரிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டுவிட்டது. நம் சென்னை ஸ்டேஷன்களில் புகார் கொடுத்தால் முதலில் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள், நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். "இது எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பிவிடவும் முடியாது; எல்லை எதுவானாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிய பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இடம் தருகிறது. மறுத்தால் அதே புகாரை எழுத்து வடிவில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதே ஒருவர் அவசர உதவி எண் 112-க்கும், இன்னொருவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசிவிடலாம்.

கையில் எடுத்துப்போக வேண்டியவற்றில் எல்லோரும் தவறவிடுவது வயதுச் சான்று. ஆதாரை மட்டும் கொண்டு போகிறார்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வயதைத் தீர்மானிக்கக் கேட்பது முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். ஆதார் அந்த வரிசையில் இல்லை. பிள்ளைக்குப் பதினேழரை வயது என்றால் வழக்கே இந்தக் காகிதத்தில்தான் நிற்கும். ஃபில்டர் போடாத சமீபத்திய படம், அன்று உடுத்தியிருந்த உடை, செருப்பின் நிறம், போன் வாங்கிய பெட்டி ஆகியவையும் வேண்டும். பெட்டியின் மேல் ஐ.எம்.இ.ஐ. எண் அச்சாகியிருக்கும், சிம்மை மாற்றினாலும் போனைத் தேட அந்த எண் உதவும்.

போன் விஷயத்தில் பதற்றம்தான் எதிரி. பத்துப் பேர் மாறி மாறிக் கூப்பிட்டால் மிச்சமிருக்கும் சார்ஜும் போய்விடும். ஒருவர் மட்டும் பேசட்டும். "கோபமில்லை, எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு" என்று ஒரு மெசேஜ் போதும். வீட்டு லேப்டாப்பில் பிள்ளையின் வாட்ஸ்அப்போ ஜிமெயிலோ திறந்திருந்தால் லாக்அவுட் செய்யாதீர்கள். நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். சந்தேகப்படும் ஆளை நீங்களே கூப்பிட்டு மிரட்டவே மிரட்டாதீர்கள். அடுத்த நிமிடமே உரையாடல்களை அழித்துவிட்டு இடத்தை மாற்றிவிடுவான்.

அடுத்தது சி.சி.டி.வி. மெடிக்கல் ஷாப், அபார்ட்மென்ட் வாசல், மளிகைக் கடை என்று சென்னைத் தெருக்களில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சிறிய கடைகளில் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். போலீஸ் வரும்வரை அழியாமல் வைத்திருக்கும்படி அன்றே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல், கேமரா காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம். பல இடங்களில் அது சரியான நேரம் காட்டாது. திரையில் 5.40 என்று இருந்து, உண்மையில் அது 5.52 ஆக இருந்தால், பிள்ளை ஏறாத பஸ்ஸின் கண்டக்டரை விசாரித்து ஒரு நாளைத் தொலைத்துவிடுவார்கள். டி.வி.ஆர். திரையையும் பக்கத்தில் உங்கள் போன் கடிகாரத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துவிட்டால் எத்தனை நிமிட வித்தியாசம் என்பது பதிவாகிவிடும். ஓடும் திரையை செல்போனில் வீடியோ எடுப்பது தேடுவதற்கு உதவும், கோர்ட்டில் போதாது. அசல் கோப்பை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு போலீஸ்தான் கைப்பற்ற வேண்டும்.

ஊரைவிட்டுப் போகும் வழிகளில் சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் ரயில் நிலையங்களையும் கோயம்பேடு, கிளாம்பாக்கம், மாதவரம் பேருந்து நிலையங்களையும் உறவினர்கள் பிரித்துக்கொள்ளலாம். ரயிலில் ஏறியிருக்கக்கூடும் என்றால் ரயில்வே உதவி எண் 139-க்குச் சொல்லுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்குத் தகவல் போகும்.

வாட்ஸ்அப்பில் படம் பகிரும்போது வீட்டு நம்பரைப் போடாதீர்கள். "பொண்ணு எங்ககிட்ட இருக்கா, ஜிபே பண்ணுங்க" என்று மோசடிக்காரர்கள் பேச அதுவே வழி செய்துவிடும். ஸ்டேஷன் எண்ணும் 1098-ம் போதும்.

நாட்கள் கடந்தாலும் கோப்பு முடங்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். 4 மாதமாகியும் பிள்ளை கிடைக்கவில்லையென்றால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு விசாரணையை மாற்றும்படி கேளுங்கள்.

பிள்ளை கிடைத்ததும் வீட்டில் குறுக்கு விசாரணை வேண்டாம். ஒரே கதையை ஏழெட்டுப் பேரிடம் சொல்ல வைத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பாலியல் குற்றம் நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரியால், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. நிலைக்குக் குறையாதவரால் பதிவாக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தைக்குப் பெண் மருத்துவரே பரிசோதனை செய்ய வேண்டும், நம்பிக்கையான ஒருவர் உடனிருக்கலாம். பகிர்ந்த படங்களை ஒவ்வொரு குழுவிலும் அன்றே நீக்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் குற்றம்.